ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பிளக்

என் காரின் ஸ்டீரிங்கை என் மனைவி ரமணி தொடக்கூடாது. இது சட்டம்.

பார்லிமெண்டில் பாஸ் ஆகாத சட்டம்தான். என் வீட்டு ஹாலிலும் பாஸ் ஆகவில்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு, நானே எழுதி நானே கையெழுத்துப் போட்ட சட்டம். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன். மற்றவர்கள் அதை மதிக்கிறார்களா இல்லையா என்பது அவரவர் வளர்ப்பைப் பொறுத்தது.

என் பெயர் சுகுமாறன். கிள்ளானில் ஒரு வரிசை வீடு. தொழில், கார் வொர்க்‌ஷாப்களுக்கு டெஸ்டர் விற்பது. டெஸ்டர் என்றால் கையில் அடங்கும் ஒரு பெட்டி. அதன் ஒயரை ஸ்டீரிங்குக்குக் கீழே செருகினால் காருக்கு என்ன நோய் என்று திரையில் எழுதிக் காட்டும். நான் விற்பது ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் என்றே தயாரான பெட்டி. கார் மோதினால் முகத்துக்கு முன்னால் வெடித்து விரிகிற பை ஏர்பேக். அதே கணத்தில் ஆளைச் சீட்டோடு இழுத்துப் பிடிப்பது பெல்ட். இரண்டுக்குள்ளும் வெடிமருந்து உண்டு. சாதாரண மீட்டரை வைத்து நோண்டினால் நோண்டுகிறவன் மடியிலேயே தீபாவளி வந்துவிடும். அதற்காகத்தான் டெஸ்டர்.

விற்பதற்கு முன்னால் டெமோ காட்ட வேண்டும். டெமோவுக்கு முன்னால் ஒத்திகை. தினமும் சாயங்காலம் ஹாலில் டிவி ரிமோட்டை டெஸ்டராகப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

"பாஸ், சிவப்பு லைட் எரிஞ்ச உடனே பார்ட்டை மாத்தாதீங்க. டெஸ்டரைச் செருகுங்க. எரர் என்னன்னு படிங்க. முக்கால்வாசி நேரம் பார்ட் நல்லாத்தான் இருக்கும். சீட்டுக்கு அடியில மஞ்சள் பிளக் ஒண்ணு லூஸா இருக்கும். ஆனா அதைத் தொடறதுக்கு முன்னால சாவியை ஆஃப் பண்ணுங்க, பேட்டரி வயரைக் கழட்டுங்க, கொஞ்ச நேரம் காத்திருங்க. அவசரப்பட்டா ஆஸ்பத்திரி!"

ரமணி சோபாவில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். இதெல்லாம் அவள் காதில் விழுவதே இல்லை என்று நினைத்திருந்தேன். மனைவிமார்களின் காதைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

பிரச்சினை பந்திங்கிலிருந்து வந்தது. ரமணியின் தங்கை மலர்விழி அங்கே ஒரு தையல் கடை போடுவதாக முடிவு செய்தாள். பிளவுஸ் வெட்டுவதில் ரமணி கைக்காரி. ஆகவே அக்காவும் பங்காளி. திறப்புக்கு முன்பிருந்தே வாரத்தில் மூன்று நாள் அங்கே இருக்க வேண்டும்.

"ஏங்க."

"சொல்லு."

"செவ்வாய், புதன், வியாழன் நீங்க கம்பெனி வேன்லதானே போறீங்க?"

"ஆமா."

"அப்ப கார் போர்ச்ல சும்மாதானே நிக்குது?"

"சும்மா நிக்கல. ரெஸ்ட் எடுக்குது."

"அந்த மூணு நாளும் நான் எடுத்துக்கறேன். என்கிட்ட லைசன்ஸ் இருக்கு."

"இருக்கட்டும். பர்ஸ்ல ஐசி கார்டு பக்கத்துல பத்திரமா இருக்கட்டும்."

"காய்கறி வாங்க மலரோட காரை பந்திங் பாசாருக்கு நான்தானே ஓட்டிட்டுப் போறேன்?"

"பந்திங்ல இருக்கறது மோட்டார் சைக்கிளு. கிள்ளான்லேர்ந்து பந்திங் போற ரோட்ல இருக்கறது லோரி. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலையை மலை மாதிரி ஏத்திக்கிட்டு வரான். நீ ஹார்ன் அடிச்சா குலை உன் மேல விழும்."

"நீங்க ஓட்டறப்ப விழலையே?"

"என்னைப் பார்த்தா குலைக்கே ஒரு மரியாதை."

அவள் கத்தியை எடுத்து ஒரு வெங்காயத்தை இரண்டாகப் பிளந்தாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

சட்டம் போட்டால் மட்டும் போதாது, அமல்படுத்த வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். எப்படி? சாவியை ஒளித்து வைக்கலாம். மாற்றுச் சாவி அரிசி டின்னில் இருக்கிறது. பேட்டரி செத்துவிட்டது என்று சொல்லலாம். பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு அங்கிள் ஜம்பர் கேபிளோடு ஓடி வந்துவிடுவார். ரயில்வேயில் வேலை செய்து ரிட்டயர் ஆனவர். எங்கே எது நின்றுபோனாலும் தள்ளிவிட ஆசைப்படுகிறவர். டயரில் காற்று இல்லை என்றால் அவர் வீட்டில் பம்ப்பும் இருக்கிறது.

யாராலும் தள்ளவோ ஊதவோ முடியாத நோய் ஒன்று வேண்டும். அப்போதுதான் எனக்குள் ஒரு லைட் எரிந்தது. சிவப்பு லைட்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரமணி லைனிங் துணி வாங்க பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் ஏறினாள். நான் காரில் ஏறினேன். சாவியை ஆஃப் செய்தேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். காத்திருந்தேன். பொய் சொன்னாலும் பாதுகாப்பு விதிப்படி பொய் சொல்கிறவன் நான். பிறகு ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, மஞ்சள் பிளக்கின் பூட்டை நகத்தால் நெம்பிக் கழற்றினேன். திரும்பப் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில் அவன் வந்தான். சிவப்பு நிறத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு, முன்னால் ஓர் உருண்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள். பக்கவாட்டில் பார்த்தால் என்னைப் போலவே இருப்பான்.

ரமணி வந்ததும் கூப்பிட்டேன். குரலில் தேவையான நடுக்கம் சேர்த்துக்கொண்டேன்.

"ரமணி, இங்க வந்து பாரு."

"என்னங்க, ஒரு ஆளு பந்து வெச்சி விளையாடறான்?"

"பந்து இல்ல அது. ஏர்பேக். சிஸ்டமே அவுட்."

"அவுட்டுன்னா?"

"எப்ப வேணா வெடிக்கும். சிக்னல்ல நிப்பே. டமார்! பாசார்ல பார்க்கிங் போடுவே. டமார்!"

உண்மையில் அந்த லைட் எரிந்தால் பை வெடிக்காமல் போவதுதான் ஆபத்து. மோதினாலும் சும்மா இருந்துவிடும். ஆனால் வெடிக்காத பையைச் சொல்லி யாரைப் பயமுறுத்த முடியும்?

"சின்ன லைட்டுதானே?" என்றாள்.

"லைட்டை லைட்டா எடுத்துக்கக் கூடாது ரமணி."

"எப்ப சரியாகும்?"

"பார்ட் ஜப்பான்லேர்ந்து வரணும். மூணு மாசம் ஆகும்."

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "நல்லவேளைங்க, நீங்க பார்த்தீங்க. நான் எடுத்துட்டுப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள். அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு இரண்டு துண்டு மீன் அதிகம். வெற்றியின் ருசி வஞ்சிர மீனின் ருசி என்று அன்றுதான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு நீண்ட நேரம் குளித்தேன். பாட்டுப் பாடிக் குளித்தேன். டெஸ்டர் பை சோபாவிலேயே கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ரமணி ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். "பஸ்லயே போய்க்கறேங்க" என்றாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எவ்வளவு நல்ல மனைவி என்று நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ச்சியோடு வேனில் ஏறிப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனேன்.

முதல் அடி ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. செந்தூலில் என் நண்பன் ஜீவன் வீட்டில் வாராவாரம் கேரம். கார் சாவியை எடுத்தேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஜீவன் வீட்டுக்கு."

"எதுல?"

"கார்ல."

"டமார்?"

நான் அசையவில்லை. "எனக்குப் பரவாயில்ல. நான் டிரெயினிங் எடுத்தவன்."

"வெடிக்கறப்ப அதுகிட்ட சர்டிபிகேட் காட்டுவீங்களா?"

"ரமணி, நான் எப்படி உக்காரணுமோ அப்படி உக்காருவேன்."

"வேண்டவே வேண்டாம். எனக்கு இருக்கறது ஒரு புருஷன்" என்று சாவியைப் பிடுங்கிச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் வெங்காயத்தினால் வந்தது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குத் தெரியவில்லை.

கொமுட்டர் ரயிலில் போனேன். கேஎல் சென்ட்ரலில் மாறி, இன்னொரு ரயிலுக்குக் காத்திருந்து, இறங்கி நடந்து, மழையில் நனைந்து ஜீவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேரம் முடிந்து பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். "பாக்கி சுண்டல் இருக்குடா" என்றான் ஜீவன். அதைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நான் காருள்ள நடைப்பயணி ஆனேன். ரோட்டி சானாய் வாங்க நடை. முடி வெட்ட நடை. காஸ் தீர்ந்தால் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்து நடை. எங்கள் தாமானில் ஒவ்வொரு வீடும் என்னைப் பார்த்து, "டயட்டா அங்கிள்?" என்று கேட்டது. ஆனால் நான் சளைக்கவில்லை. எனக்குக் கார் இல்லை என்றாலும் அவளுக்கும் இல்லையே! அந்த நினைப்பு ஒன்றிலேயே எத்தனை தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம்.

கார்த்திகேசு அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் பேப்பர் படித்தபடி கேட்டார்.

"ஏன் சுகு, ஊர்ல உள்ள காருக்கெல்லாம் நோய் கண்டுபிடிக்கிற பெட்டி விக்கிற. உன் வீட்டுக் கார் மட்டும் படுத்த படுக்கையா?"

"ஜப்பான் பார்ட் அங்கிள். வரணும்."

"வரும், வரும். நடந்து வருதோ என்னமோ" என்றார். பேப்பர் குலுங்கியது. அவர் சிரித்ததை நான் அப்போது இருமல் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது அடி போனில் வந்தது. பெட்டாலிங் ஜெயாவில் பெரிய வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் அப்துல் ரஹீம் பாய். என்னிடம் மூன்று டெஸ்டர் வாங்குவதாக இருந்தவர்.

"சுகு அண்ணே, அண்ணி போன் பண்ணாங்க. வீட்டுக் கார்ல ஏர்பேக் லைட்டாம். மூணு மாசம் ஆகுமாம். நம்ம வொர்க்‌ஷாப்ல பார்க்க முடியுமான்னு பாவம் அழற மாதிரி கேட்டாங்க."

"அது வந்து பாய்..."

"உங்க பெட்டியை வெச்சி உங்க காரையே சரி பண்ண முடியலைன்னா, நான் எதுக்கு லா மூணு வாங்கணும்?"

மூன்று டெஸ்டரும் டமார். ரமணியிடம் கேட்டேன். "ஹரி ராயா பெருநாளுக்குப் போனப்ப அவரோட சம்சாரம் நம்பர் குடுத்தாங்க. உங்களுக்கு உதவியா இருக்கட்டுமேன்னு கூப்பிட்டேன்" என்றாள். முகம் பால் போல இருந்தது.

வியாபாரமா, சட்டமா? கடைசியில் வியாபாரத்துக்காக இறங்கி வந்தேன். சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தற்காலிகமாக ஒத்திவைத்தேன். ஜப்பான் பார்ட் அதிசயமாகச் சீக்கிரம் வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பிளக்கை மாட்டி, பதிந்திருக்கும் எரரை டெஸ்டரில் அழித்துவிடலாம். ரமணிக்கு வேறு நோய் ஒன்றை யோசித்துக்கொள்ளலாம். கியர் பாக்ஸ் நல்ல பெரிய வார்த்தை.

சனிக்கிழமை, மாடியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது வேனிலிருந்து டெஸ்டரை எடுத்து வந்து காரில் செருகினேன். திரையில் முதல் வரி: ஓட்டுநர் சீட், தொடர்பு இல்லை. எதிர்பார்த்ததுதான். அடுத்த வரியை நான் எதிர்பார்க்கவில்லை. இந்தக் கோளாறு ஏற்பட்டது: பதினொரு தடவை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பதினொன்று. நான் கழற்றியது ஒரே ஒரு தடவை.

எங்கள் காரில் பிளக்கை மாட்டிவிட்டால் லைட் தானாகவே அணைந்துவிடும். ஆனால் நடந்ததைக் கார் மறக்காது. எத்தனை முறை கழன்றது என்று உள்ளே எழுதி வைத்திருக்கும். டெஸ்டரால் அழித்தால்தான் போகும். டெஸ்டரோ பகல் முழுவதும் என்னோடு வேனில் இருந்தது. அப்படியென்றால் யாரோ பிளக்கை மாட்டுகிறார்கள், கழற்றுகிறார்கள். மாட்டுகிறார்கள், கழற்றுகிறார்கள். எரரை அழிக்க மட்டும் அவர்களால் முடியவில்லை. கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தேன். பந்திங்குக்கு இத்தனை நடை போய் வந்திருந்தால் என்ன ஏறியிருக்குமோ அது ஏறியிருந்தது.

அதாவது, நான் செந்தூலுக்கு ரயிலில் நனைந்து போன வாரங்களில், என் காரில் ஏசி போட்டுக்கொண்டு ஒருத்தி பந்திங்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். டாஷ்போர்டில் எரிந்த லைட்டைவிட என் வயிறு அதிகமாக எரிந்தது.

மாடிக்கு ஓடிக் கேட்டுவிடலாம். என்ன கேட்பது? "பிளக்கை ஏன் மாட்டினே?" என்றால், "எந்தப் பிளக்?" என்பாள். "நான் கழட்டின பிளக்" என்று நானே சொல்ல வேண்டும். உலகத்தில் தன் வீட்டுத் திருட்டைப் போலீஸில் சொல்ல முடியாத ஒரே ஆள் திருடன்தான். பிளக்கை அப்படியே விட்டுவிட்டு டெஸ்டரை மூடினேன். கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வேனில் கிளம்பினேன். மதியமே திரும்பி, வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். போர்ச் காலி. நேராகக் கார்த்திகேசு அங்கிள் வீட்டுக்குள் நுழைந்து, அவருடைய காகிதப்பூச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"என்ன சுகு, பொண்டாட்டியைக் காணோமா? காரைக் காணோமா?"

"காரை."

"அதானே பார்த்தேன்" என்று எனக்கு ஒரு கப் சூடான தே கொண்டுவந்து கொடுத்தார். செடிக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனுக்கு யாராவது தே கொடுப்பார்களா? இவர் பிஸ்கட்டும் கொடுத்தார்.

மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது. கார் வந்தது. வாசலுக்கு எதிரே நின்று, பின்னால் பார்த்து, ஒரே வளைவில் ரிவர்ஸ் எடுத்து, இரண்டு சுவருக்கும் நடுவில் சரியாக நின்றது. அந்தப் போர்ச்சில் நான் ரிவர்ஸ் போட்டால் மூன்று தடவை முன்னும் பின்னும் போய், அங்கிள் கையால் சைகை காட்ட வேண்டும். அந்தக் காட்சியையும் தாங்கிக்கொண்டேன்.

ரமணி இறங்கினாள். பானெட்டைத் திறந்தாள். ஸ்பேனரால் பேட்டரி வயரைக் கழற்றினாள். பிறகு போர்ச் படியில் உட்கார்ந்து, பையிலிருந்து சின்ன வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. காத்திருக்கிறாள்! விதிப்படி காத்திருக்கிறாள்! எத்தனையோ வொர்க்‌ஷாப்பில் டெமோ காட்டியிருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காகச் செய்த ஒரு மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. ஒரு கணம் கை தட்டப் போனேன். சட்டம் நினைவுக்கு வந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

வெங்காயம் முடிந்தது. அவள் கார்க் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். நான் வேலியைத் தாண்டிக் குதித்தேன். பேண்ட் காகிதப்பூ முள்ளில் மாட்டிக் கொஞ்சம் கிழிந்தது. அதனால் என்ன?

"மாட்டிக்கிட்டே ரமணி! கையும் பிளக்குமா மாட்டிக்கிட்டே!"

அவள் திடுக்கிடவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"வேலைக்குப் போகலையா?"

"அதை விடு. என்ன பண்றே?"

"பிளக் கழட்டறேன்."

"எதுக்கு?"

"சாயங்காலம் நீங்க வந்து பார்க்கறப்ப லைட் எரியணுமே. எரியலைன்னா உங்க மனசு கஷ்டப்படுமே."

நான் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தேன். 

"அது... அந்தப் பிளக் அங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஹால்ல தினமும் சொல்றீங்களே. 'டெஸ்டரைச் செருகுங்க, எரர் படிங்க, மஞ்சள் பிளக்கைப் பாருங்க.' அன்னிக்கு நீங்க பாட்டுப் பாடிக்கிட்டுக் குளிச்சீங்க. செருகினேன், படிச்சேன், பார்த்தேன். பூட்டு போட்ட பிளக். தானா கழலாது. அப்பத்தான் புரிஞ்சிது, கோளாறு காருல இல்லைன்னு."

"பேட்டரியைக் கழட்டாம அதுல கை வெச்சியா?"

"ச்சே ச்சே. அவசரப்பட்டா ஆஸ்பத்திரி. முதல் நாளே கழட்டினேன். கார் கடிகாரம் தப்பாப் போகும், அதையும் ஒவ்வொரு தடவையும் சரி பண்ணி வெச்சேன்."

"ஸ்பேனர் நான்தான் குடுத்தேன்" என்றார் அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. யாரும் அவரைக் கேட்கவில்லை.

"தெரிஞ்சிருந்தா என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே!"

"கேட்டா நீங்க இந்தப் பிளக்கை மாட்டிட்டு வேற எதையாவது கழட்டியிருப்பீங்க. கியர் பாக்ஸைக் கழட்டியிருப்பீங்க. இது எனக்கு இடம் தெரிஞ்ச நோய். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

கியர் பாக்ஸ் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மண்டைக்குள் எங்கேயோ ஓர் ஓட்டை இருக்கிறது. அதில் இவள் ஒயரைச் செருகுகிறாள்.

"நான் மழையில செந்தூலுக்குப் போனேன் ரமணி! ரயில்ல! சுண்டலுக்காக!"

"நான் மட்டும்? லோரிக்கு நடுவுல ஓட்டறதைவிட, தினமும் பஸ்ல போறேன்னு பொய் சொல்லிட்டுப் போறதுதாங்க கஷ்டமா இருந்திச்சு." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. கையில் பிளக்கோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு கார் சாவிக்காக இத்தனை பண்ணணுமா? கேட்டா குடுத்திருக்கலாம்."

இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பேண்ட்டைச் சரி செய்துகொண்டு வானத்தைப் பார்த்தேன்.

"சரி. ஜப்பான் பார்ட் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"...வந்துடுச்சு."

"அப்ப மாட்டுங்க."

மாட்டினேன். பேட்டரி வயரையும் மாட்டி, வேனிலிருந்து டெஸ்டரைக் கொண்டுவந்து எரரை அழித்தேன். அவள் பக்கத்தில் நின்று, "இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க, பூஜ்யம் காட்டுதா?" என்று மேற்பார்வை பார்த்தாள். அங்கிள் கை தட்டினார். ரமணி ரஹீம் பாய்க்குப் போன் போட்டு, "எங்க வீட்டுக்காரரே சரி பண்ணிட்டாரு பாய். அந்தப் பெட்டி பெட்டிதான்" என்றாள். அவர் மூன்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் பிளக்கைக் கழற்றினேன். அவள் என் சட்டத்தையே கழற்றிவிட்டு என் வியாபாரத்தை மாட்டிக்கொடுத்தாள். இதற்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் ஒரு தும்மல் போட்டுவைத்தேன்.

நான் தோற்றுவிட்டேன் என்று தாமானில் பேசிக்கொண்டார்கள். இல்லை. போர்க்களத்தை மாற்றினேன், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்திங்கில் கடை திறப்பு. ரமணி ஓட்டுநர் சீட்டில். நான் பக்கத்தில். பின் சீட்டில், துணி சுற்றிய பெரிய கேசரிப் பாத்திரம். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து என் காரை நான் பார்த்ததே இல்லை. கால் தானாகவே இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. பெல்ட்டைத் தொடவில்லை. இது என் எதிர்ப்பு.

கார் பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"பெல்ட்டைக் கட்டுங்க."

"மாட்டேன்."

"கார் கத்துது பாருங்க."

"கத்தட்டும். நீ கத்தினாலே கேக்காதவன். காருக்கா கேப்பேன்?"

"பெல்ட் போடாதவனுக்கு ஏர்பேக் தலையணை இல்ல, குத்துன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க?"

"அது கஸ்டமருக்கு. நான் ஓனர்."

"இப்ப கட்டறீங்களா இல்லையா?"

"தாலி கட்டினதும் நான். பெல்ட் கட்டறதும் நானா? எத்தனைதான் கட்டறது?"

"தாலியை என் கழுத்துல கட்டிட்டு நீங்க ஃப்ரீயா இருந்தீங்க. இதை உங்க மேலயே கட்டிக்கணும். அதான் கை வரலை."

சிக்னல் போட்டாள். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் நிற்கும் சாலையில், ஒரு பஸ் ஸ்டாப் ஓரமாகக் கார் நின்றது.

"கட்டுங்க. இல்லாட்டி இறங்குங்க."

இறங்கினேன்! எவனாவது இறங்குவானா? நான் இறங்கினேன். கதவை அடித்துச் சாத்தினேன். "பஸ்ல வரேன்! உனக்கு முன்னால வந்து ரிப்பன் வெட்டறேன்!" என்று கண்ணாடிக்கு வெளியே நின்று முழங்கினேன். கார் போய்விட்டது.

பஸ் ஸ்டாப்பில் நானும் ஒரு ஆடும் இருந்தோம். ஆட்டிடம் என் நியாயத்தை எடுத்துச் சொன்னேன். அது என் வேட்டி நுனியை மென்றது. ஒரு லோரி புழுதியோடு போனது. ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பஸ் ஒன்றும் வந்தது. கையை நீட்டினேன். டிரைவரும் எனக்குக் கையை ஆட்டிவிட்டு நிற்காமலே போனான். வெயில் உச்சந்தலையில் தோசை வார்த்தது. நான் அசையவில்லை. வேட்டியையும் ஆட்டிடமிருந்து மீட்கவில்லை. கொள்கை என்றால் கொள்கை.

அப்போது எதிர்ப்பக்கத்தில் என் கார் தெரிந்தது. ஒரே வளைவில் திரும்பி, என் காலருகே வந்து நின்றது. வந்துவிட்டாள். என்னை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, நிதானமாக நடந்து போய் முன் கதவின் கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. உள்ளே குனிந்து பார்த்தேன். முன் சீட்டில் கேசரிப் பாத்திரம் உட்கார்ந்திருந்தது. குறுக்காகப் பெல்ட் போட்டு, ஒரு பீப் சத்தம் இல்லாமல், பெரிய மனுஷனைப் போல.

ரமணி கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"பின்னால ஏறுங்க. சின்னப் பிள்ளைங்களை முன் சீட்ல உக்கார வெக்கக் கூடாதுன்னு ஏர்பேக் ஸ்டிக்கர்லயே போட்டிருக்கு."